அலாரம் யார் போனில் அடிக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 18 வயது. ஹாக்கியில் மிட்ஃபீல்டர். மாலை மேட்ச் என்றால் அவனைப் பிடிக்க முடியாது. ஆனால் காலை ஐந்தரை மணிப் பயிற்சியில் கால் நகராது, பாஸ் தப்பும், கோச்சிடம் 'சோம்பேறி' என்று பெயர். அவன் ஒரு ராக்கோழி, இரவு ஒரு மணிக்கு முன்னால் தூங்க மாட்டான். நேரத்தைப் பொறுத்து ஒரே வீரரின் திறன் 26 சதவீதம் வரை மாறும் என்று, ஹாக்கி வீரர்களை வைத்தே செய்த ஆராய்ச்சி ஒன்றைப் படித்தேன். அடுத்த மாதம் அணித் தேர்வு, அதுவும் காலை ஏழு மணிக்கு. இப்போதைக்கு 15 வயது மகள்தான் தன் போனில் அலாரம் வைத்து நாலரைக்கு எழுந்து, அவனை நாலைந்து தடவை எழுப்பி, கிட் பையை எடுத்து வைத்து அனுப்புகிறாள். பதினோரு மணிக்குப் படித்து முடித்துப் படுத்தாலும் டாண் என்று எழுந்துவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படி. எனக்கும் மனைவிக்கும் தூக்கம் கெட்டால் மறுநாள் வேலை ஓடாது. ஞாயிறு மட்டும் பயிற்சி இல்லை, பிள்ளைகள் இருவரும் பத்து மணி வரை தூங்குவார்கள். கோச்சிடம் இந்த ஆராய்ச்சியைக் காட்டி இவனுக்கு மட்டும் மாலைப் பயிற்சி கேட்கலாமா? மறுத்தால் வேறு கிளப்புக்கு மாற்றிவிடலாமா?

பதில்:

மகனைப் பற்றி அப்புறம் பேசலாம். நாலரைக்கு எழுகிறாளே, அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

பதினோரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை என்பதுதான் தூக்க மருத்துவர்களின் கணக்கு. குறைந்தபட்சமான எட்டையே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம், ஆறு நாளில் பதினைந்து மணி நேரம் அவளிடமிருந்து போகிறது. யாருக்காகப் போகிறது? ஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போகப் போவது அவள் இல்லை. மகனின் 26 சதவீதத்தைத் தேடிப் படித்த நீங்கள் மகளின் இந்தச் சின்னக் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

'டாண் என்று எழுந்துவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படி' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த இரண்டு வரி தள்ளி, ஞாயிற்றுக்கிழமை இருவரும் பத்து மணி வரை தூங்குகிறார்கள் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் காலையில் சுறுசுறுப்பானவரா ராக்கோழியா என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் முக்கியமாகப் பார்ப்பது, அலாரம் இல்லாத நாளில் அவர் எப்போது தூங்கி எப்போது எழுகிறார் என்பதை. அலாரம் வைத்து எழுகிற நாளைப் பார்த்தால் அவருடைய கட்டாயம்தான் தெரியும், உடம்பு தெரியாது. உங்கள் மகள் ஞாயிறு பத்து மணி வரை தூங்குகிறாள் என்றால் ஒன்று அவளும் அண்ணனைப் போல ராக்கோழி, இல்லையென்றால் வாரம் முழுக்கப் பட்ட கடனை அன்றைக்கு அடைக்கிறாள். பெரும்பாலும் இரண்டுமே இருக்கும். சின்ன வயதில் சீக்கிரம் எழுந்திருப்பாள்தான், குழந்தைகள் அப்படித்தான். ஆனால் பதின்ம வயது தொடங்கியதும் உடல் கடிகாரம் வருடா வருடம் பின்னால் தள்ளிப்போய், ஏறக்குறைய 20 வயதில் உச்சத்தைத் தொட்டு, அதற்கப்புறம்தான் மெல்லத் திரும்பும். 2004-இல் டில் ரோனபெர்க் குழுவினர் ஆயிரக்கணக்கானவர்களின் தூக்க நேரத்தைத் தொகுத்து இதைக் காட்டினார்கள். நாலரை மணி என்பது உடல் சூடு மிகக் குறைந்திருக்கும் வேளை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வேளை இன்னும் கொஞ்சம் தள்ளியே வரும். அதாவது அவள் உடம்புக்கு இன்னும் நடு இரவாக இருக்கும்போதுதான் அவளை எழுப்புகிறீர்கள். உங்கள் மகனிடம் என்ன உடல் கடிகாரம் இருக்கிறதோ அதேதான் அவளிடமும் இருக்கிறது. அவனுக்கு அது 'உடல்வாகு' ஆகிவிட்டது, அவளுக்கு மட்டும் ஏன் கணக்கில் வரவில்லை?

தூக்கம் கெட்டால் உங்களுக்கும் மனைவிக்கும் வேலை ஓடாது என்று சொல்கிறீர்கள். நம்புகிறேன். தூக்கம் கெட்டால் என்ன ஆகும் என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்த இரண்டு பெரியவர்கள், அந்த வேலையை வீட்டிலேயே சின்னவளிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவளுக்கும் அன்றைக்கு வேலை இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பது வேலை இல்லையா?

அண்ணனுக்குத் தங்கை செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். செய்யட்டும். கூடப் பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஓடியாடிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு, அது இல்லாத வீடு எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் அவளுக்காக ஒரு நாள் எழுந்திருக்கிறானா? அவள் பரீட்சைக்குக் கண்விழித்துப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானா, அவள் பையை ஒரு தடவை அடுக்கிக் கொடுத்திருக்கிறானா? ஒருத்தியே செய்துகொண்டிருந்தால் அதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள். அது அவள் தலையில் கட்டிய வேலை. 18 வயதுப் பிள்ளையை விடியக்காலையில் எழுப்பி அனுப்பத்தான் வேண்டும் என்றால் அது பெற்றவர்களின் பொறுப்பு. ஒரு வீட்டில் முதலில் எழ வேண்டியவர்கள் பெரியவர்கள் என்று நம்புகிறவள் நான், இதில் யாருக்காகவும் இறங்கி வர மாட்டேன்.

சரி, மகன் விஷயம். நீங்கள் படித்த ஆராய்ச்சி உண்மையானது. 2015-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் எலிஸ் ஃபேசர்-சைல்ட்ஸும் ரோலண்ட் பிராண்ட்ஸ்டேட்டரும் 20 ஹாக்கி வீரர்களை ஒரு நாளின் ஆறு வேளைகளில் ஓடவைத்துப் பார்த்தார்கள். சீக்கிரம் எழுகிறவர்களுக்கு நண்பகலை ஒட்டியும், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு மாலை நாலு மணி வாக்கிலும், ராக்கோழிகளுக்கு இரவு எட்டு மணி வாக்கிலும் உச்சம் வந்தது. ஆனால் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று அதில் இருக்கிறது. கடிகாரம் என்ன மணி காட்டுகிறது என்பதைவிட, தானாக எழும் நேரத்திலிருந்து எத்தனை மணி நேரம் ஆகியிருக்கிறது என்பதுதான் திறனைத் தெளிவாகக் காட்டியது. சீக்கிரம் எழுகிறவர்களுக்கு சுமார் ஐந்தரை மணி நேரம், ராக்கோழிகளுக்கு சுமார் பதினோரு மணி நேரம். எழும் நேரம் நகர்ந்தால் உச்சமும் நகரும். எழும் நேரத்தை மூன்று வாரத்தில் நகர்த்திவிட முடியும் என்பதையும் 2019-இல் ஃபேசர்-சைல்ட்ஸ் உள்ளிட்டவர்கள் 22 ராக்கோழிகளிடம் செய்துகாட்டினார்கள். வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் எழுவது, எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்பது, எழுந்த கொஞ்ச நேரத்தில் சாப்பிடுவது, இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிப்பது, மாலை வெளிச்சத்தைக் குறைப்பது, விடுமுறை நாளிலும் அதே நேரத்தைக் காப்பது, இப்படிச் சில எளிய மாற்றங்களைத்தான் செய்தார்கள். தூக்கத்தின் அளவு குறையாமலேயே அவர்களின் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் வந்தது, காலைத் திறனும் கூடியது. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறது என்கிறீர்கள், போதும்.

அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் மகன் தூங்குவதே இல்லை. ஒரு மணிக்குப் படுத்து, தங்கை உலுக்கி உலுக்கி எழுப்பி, நாலே முக்காலுக்கு எழுந்தால் நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. எந்த வகை உடம்பாக இருந்தாலும் இந்தத் தூக்கத்தில் பாஸ் தப்பத்தான் செய்யும். ஸ்டான்ஃபோர்டில் 11 கூடைப்பந்து வீரர்களை ஐந்து முதல் ஏழு வாரம், தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2011-இல் வந்த ஆராய்ச்சி அது. ஓட்ட நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5-க்கு இறங்கியது, ஃப்ரீ த்ரோ குறி 9 சதவீதம் கூடியது. எட்டு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் பள்ளி விளையாட்டு வீரர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014-இல் வந்த இன்னோர் ஆராய்ச்சி சொல்கிறது. ஒரு மணி வரை அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள். போன் கையில் இருந்தால் ஒன்பது மணிக்கே வாங்கி உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள், 18 வயதானாலும் சரி.

கோச்சிடம் இவனுக்கு மட்டும் மாலைப் பயிற்சி கேட்காதீர்கள். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஓடாத மிட்ஃபீல்டருக்கு யார் எந்தப் பக்கம் வெட்டி ஓடுவார்கள் என்று எப்படித் தெரியும்? தனியாகப் பயிற்சி செய்து கற்றுக்கொள்ளும் ஆட்டமா அது? அதோடு தேர்வே காலை ஏழு மணிக்கு. தொடர்ந்து எந்த நேரத்தில் பயிற்சி செய்கிறோமோ அந்த நேரத்துக்கு உடம்பு ஓரளவு பழகும், காலையிலேயே பயிற்சி செய்கிறவர்களுக்குக் காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம் குறையும். இந்த நேரத்தில் மாலைக்கு மாற்றுவது அவனுக்கே கெடுதல். கேட்க வேண்டியது வேறு. அந்த அணியில் முக்கால்வாசிப் பேர் இவன் வயதுதான் இருப்பார்கள், கடிகாரம் மிகவும் பின்தங்கியிருக்கும் வயது. மற்ற பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய், ஐந்தரையை ஏழு மணியாக்க முடியுமா என்று மொத்த அணிக்காகவும் கேளுங்கள். தேர்வு நேரமும் அதுதான் என்பதால் கோச் யோசிப்பார். முடியாது என்றால் வார்ம்-அப்பைக் கொஞ்சம் நீட்டச் சொல்லுங்கள், நுணுக்கமான ஸ்டிக் வேலையைப் பயிற்சியின் பின்பாதிக்குத் தள்ளச் சொல்லுங்கள். 'சோம்பேறி' என்று சொன்னது தவறு, அதையும் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். வேறு கிளப் பேச்சே வேண்டாம், அங்கேயும் இவன் ஒரு மணிக்குத்தான் படுக்கப் போகிறான்.

ஏழு மணியானால் அவன் பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழலாம், எட்டு மணி நேரம். ஐந்தரையே நீடித்தால் ஒன்பதுக்குள் விளக்கை அணைக்க வேண்டும். முதல் நாளே தூக்கம் வராது, மூன்று நாளுக்கு ஒரு முறை அரை மணி அரை மணியாக முன்னால் இழுங்கள், மதியம் அரை மணி நேரம் படுக்கட்டும். பையை அவனே இரவில் அடுக்க வேண்டும். ஞாயிறும் அதே நேரத்துக்கு எழ வேண்டும். முதல் பத்து நாள் நீங்களோ மனைவியோ மாற்றி மாற்றி எழுந்து அவனை எழுப்புங்கள், அதற்கப்புறம் அவனே எழட்டும். ஒரு நாள் எழவில்லையா, அன்றைக்குப் பயிற்சி போகட்டும், கோச்சிடம் அவனே போய்ப் பதில் சொல்லட்டும். மகளிடம் இனி நீ எழ வேண்டாம் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், அவன் எதிரில் சொல்லுங்கள், ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'பரவாயில்லை அப்பா, எனக்குப் பழகிவிட்டது' என்பாள். கேட்காதீர்கள். அவள் போனில் நாலரைக்கு அடிக்கும் அந்த அலாரத்தை இன்று இரவே எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.