சாவியைக் கல்லாவில் தொங்கவிடாதீர்கள்

கேள்வி: சின்ன ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்காகக் கழிப்பறையைச் சரிசெய்தால் வியாபாரம் கூடுமா, இல்லை வீண் செலவா?

கூடும். ஆனால் டைல்ஸ்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். உங்கள் கடைக் கழிப்பறையின் சாவி இப்போது எங்கே இருக்கிறது?

எங்கள் கடை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. புடவை, சுடிதார் துணி, ஜாக்கெட் பிட், கல்யாண சீசனில் கொஞ்சம் பட்டு. மாமனார் ஆரம்பித்த கடை. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து பாதி நாள் கல்லாவில் உட்காருகிறேன். பின்பக்கம் குடோனை ஒட்டி ஒரு கழிப்பறை, கடை திறந்த நாளிலிருந்தே உண்டு. ஆனால் எப்போதும் பூட்டியிருக்கும். சாவி கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். தொலைந்துவிடக் கூடாது என்று மாமா அதை உடைந்துபோன ஒரு மீட்டர் கோலின் துண்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார். சுமார் ஒரு அடி நீளம்.

வந்த பெண்மணிக்கு அவசரம் என்றால் கல்லாவுக்கு வந்து, மாமாவிடம் கேட்டு, அந்தக் கோலை வாங்கிக்கொண்டு, துணி எடுத்துப்போடும் பையன்கள் நாலு பேரைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். அவர் எங்கே போகிறார் என்று மொத்தக் கடைக்கும் தெரியும். யார் கேட்பார்கள்? யாரும் கேட்கவில்லை. "வீட்ல கேட்டுட்டு வரோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். விலை ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதம். கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை, பாட்டி என்று நாலு பேர் முகூர்த்தப் புடவைக்கு வந்தார்கள். ஒரு மணி நேரம் பார்த்து, அரக்கில் ஒன்று, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று என்று இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். இனி அந்த இரண்டில் எது என்பதுதான் பாக்கி. அப்போது பாட்டி, பெண்ணின் அம்மா காதில் ஏதோ சொன்னார். அம்மா எழுந்து, "எடுத்து வைங்க, இதோ வந்துடுறோம்" என்றார். சாயங்காலம் வரைக்கும் அந்த இரண்டு புடவையும் கவுண்டரிலேயே கிடந்தன.

ஆறு மணிக்குப் பையனை டியூஷனில் விடப் போகும்போது, மெயின் ரோட்டில் அதே நாலு பேர். கையில் வேறொரு பெரிய கடையின் பைகள். அந்தப் பெண்தான் முதலில் என்னைப் பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்கக்கா, பாட்டிக்கு அவசரம். அங்க பாத்ரூம் இருந்துச்சு, அப்படியே அங்கயே எடுத்துட்டோம்."

"எங்க கடையிலயும் இருக்கேம்மா" என்றேன்.

"இருக்கா? தெரியவே இல்லையேக்கா."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போனது ஒரு புடவை இல்லை. முகூர்த்தப் புடவை எடுத்த இடத்தில்தான் நாத்தனார் புடவை, சம்பந்தி வீட்டுப் புடவை, வைத்துக் கொடுக்க வாங்கும் பத்துப் பன்னிரண்டு புடவைகள் எல்லாம் எடுப்பார்கள்.

எங்களுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கும்மிடிப்பூண்டி லைன். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூரிலிருந்து மின்சார ரயிலில் வந்து வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் இறங்குவார்கள். அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது. அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் உண்டு. "தண்ணி தரட்டுமாம்மா?" என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். தாகம் இல்லை என்று அர்த்தமில்லை. முன்பு எனக்கும் புரியவில்லை.

பூட்டை எடுக்கலாம் என்றதும் மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

"ரோட்ல போறவன் வர்றவன்லாம் பூந்து போவான்மா."

"போகட்டும் மாமா. நம்ம ரேக்கைத் தாண்டித்தானே போகணும்?"

ஒரு வாரம் வாக்குவாதம். கடைசியில் குடோனுக்குத் தனிக் கதவு போட்டுப் பூட்டிக்கொண்டோம். கழிப்பறைப் பூட்டு போயிற்று. துணி பார்க்க உட்காரும் இடத்திலிருந்தே கண்ணில் படுகிற மாதிரி 'கழிப்பறை' என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு, அம்புக்குறியோடு. மொத்தச் செலவில் அந்த போர்டுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கேட்கத் தேவையில்லாமல் பண்ணியது அதுதான்.

மாமா சொன்னபடி ரோட்டில் போகிறவர்களும் வந்தார்கள், வருகிறார்கள். பெரும்பாலும் குழந்தையை வைத்துக்கொண்டு தவிக்கிற அம்மாக்கள். சிலர் போகும்போது கூச்சத்துக்காகவாவது ஒரு கர்ச்சீப் வாங்குவார்கள், ஒன்றும் வாங்காமல் போகிறவர்களும் உண்டு. ஜெர்மனியில் ஆலன் என்ற ஊரில் தொடங்கிய ஒரு திட்டம் பல ஊர்களுக்குப் பரவியிருக்கிறது. கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் கழிப்பறையை எல்லாருக்கும் திறந்துவிட்டு வாசலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும், பராமரிப்புக்கு நகராட்சி பணம் கொடுக்கும். தெற்கு டெல்லி மாநகராட்சி 2017-இல், ஓட்டல்கள் வெளியாட்களையும் அனுமதிக்க வேண்டும், வேண்டுமானால் 5 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. என்னைக் கேட்டால் அந்த 5 ரூபாயை வாங்கவே கூடாது. காசு வாங்க ஓர் ஆளை உட்கார வைத்தால், பழையபடி அந்த மீட்டர் கோல் கதைதான்.

திறந்துவிடுவது ஒரு நாள் வேலை. சுத்தமாக வைத்திருப்பதுதான் தினசரி வேலை, உங்கள் செலவு முழுக்க அங்கேதான் இருக்கிறது. வடசென்னை போர்வெல் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். புதிதாகப் போட்ட குழாய் வாயில் மூன்றே மாதத்தில் வெள்ளைப் பொருக்கு, பேசினில் பழுப்புக் கோடு, ஃப்ளஷ் டேங்கின் மிதவை சிக்கிக்கொண்டு தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் கறை இருந்தால் பார்க்கிறவர்களுக்கு அது அழுக்குதான்.

அந்தக் கறைக்காக நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆசிட் ஊற்றச் சொன்னேன், அது போகவில்லை என்று மேலேயே ப்ளீச்சிங் பவுடரையும் போடச் சொன்னேன். சுத்தம் செய்ய வரும் அக்கா இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார், கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. அதோடு ஆசிட்டை நிறுத்தினோம். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ராத்திரி ஊற்றிவைத்தால் காலையில் பொருக்கு இளகிவிடுகிறது. கழுவிவிட மட்டும் ஒரு டிரம்மில் மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்கிறோம்.

அக்கா காலை ஒரு தடவை, மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை வருகிறார். நடுவில் தரையைத் துடைப்பது மட்டும் எங்கள் பொறுப்பு. புடவை கட்டியவர்களுக்கு ஈரத் தரைதான் முதல் எதிரி. கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா? ஒரு நாள் நானே உள்ளே போய், கைப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே கதவில் இரண்டு கொக்கி அடித்தாயிற்று. அப்புறம் நல்ல தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைக்கூடை, பக்கத்தில் நாப்கினைச் சுற்றிப் போடக் கிழித்து வைத்த பழைய பேப்பர். கூடை இல்லாவிட்டால் நாப்கின் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க யாரையும் கையை விடச் சொல்லக் கூடாது, ஆளை இறக்கவும் கூடாது. மனிதக் கழிவைக் கையால் அள்ளவைப்பதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் தப்புதான்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. எங்களிடம் வேலை செய்யும் மூன்று பெண்களும் இதே கழிப்பறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். முன்பு அவர்களும் மாமாவிடம் சாவி கேட்கக் கூச்சப்பட்டு மதியம் வரை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரே கடையில் இருந்த எனக்கே தெரியாது, நான் மாடியில் வீட்டுக்குப் போய்விடுவேன். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைப் பெண்களைச் சேர்த்து விஜி என்பவர் 'பெண்கூட்டு' என்று தொடங்கிய போராட்டத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று கழிப்பறை. உட்காரும் உரிமை பிறகு வந்தது. கேரளாவில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் கடை ஊழியர்களுக்கு நாற்காலி தர வேண்டும் என்று சட்டமே ஆயிற்று. இப்போது எங்கள் கடையில் பேப்பர் தீர்ந்தாலோ பல்பு போனாலோ முதலில் சொல்வது அந்தப் பெண்கள்தான்.

வியாபாரம் எவ்வளவு கூடியது என்றால், கழிப்பறைக்கென்று தனி பில் வராது. நான் கவனித்ததைச் சொல்கிறேன். பாட்டிகள் இப்போது நிம்மதியாக உட்காருகிறார்கள். "போதும், கிளம்பலாம்" என்று முதலில் சொல்கிறவர்கள் அவர்கள்தானே. போய்விட்டு வந்தவர்கள் முகம் கழுவி, பொட்டைச் சரிசெய்துகொண்டு, "அந்த மயில் கழுத்தை இன்னொரு தடவை காட்டுங்க" என்கிறார்கள். புடவையோடு முடிந்திருக்க வேண்டிய பில்லில் உள்பாவாடையும் ஃபாலும் ஏறுகின்றன. தண்ணீரும் வாங்கிக் குடிக்கிறார்கள்.

இந்தியனா, வெஸ்டர்னா என்றும் கேட்பீர்கள். எங்களிடம் ஒரே அறை, முதலில் இந்தியன்தான் இருந்தது. முட்டி வலிக்காரர்களுக்காக வெஸ்டர்ன் போட்டோம். இரண்டாம் நாளே சீட்டின் மேல் ஈரச் செருப்புத் தடம், யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். கோபப்பட்டுப் பயனில்லை, பொது இடத்துச் சீட்டில் உட்கார எனக்கே மனசு வராது. கைக்கெட்டும் இடத்தில் ஹேண்ட் ஷவரும், சீட்டைத் துடைக்க டிஷ்யூவும் வைத்தோம். தடம் குறைந்திருக்கிறது. இரண்டு அறைக்கு இடமிருந்தால் ஒன்றில் இந்தியன், இன்னொன்றில் வெஸ்டர்ன் என்று போட்டுவிடுங்கள். இடமே இல்லாத கடை என்றால் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து ஒன்றை வைத்துக்கொண்டு, சுத்தம் செய்கிறவர் சம்பளத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.