சிக்கன் ரைஸ் சிங்கப்பூருடையதா, மலேசியாவுடையதா?

சிக்கன் ரைஸ், மீன் தலைக் கறி, ரொட்டி சானாய் மூன்றையும் சொல்லி ‘இவை எந்த நாட்டுடையவை?’ என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூருக்கு எதிரே இருக்கும் மலேசிய நகரமான ஜொகூர் பாருவில் வளர்ந்து, நடுவிலுள்ள பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் திட்டு விழும். இருந்தாலும் சொல்கிறேன். மொத்தத்துக்கும் ஒரே பதில் கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

சிக்கன் ரைஸின் பூர்வீகம் இந்த இரண்டு நாடுமே இல்லை; தென்சீனாவின் ஹைனான் தீவு. அங்கே வென்சாங் கோழி பேர்போனது. ஹைனான்காரர்கள் மற்ற சீனர்களுக்குப் பிந்தித்தான் இங்கே வந்தார்கள். நல்ல வியாபாரங்களையெல்லாம் அதற்குள் மற்றவர்கள் பிடித்துவிட்டதால், வெள்ளைக்காரர் வீடுகளிலும் ஓட்டல்களிலும் சமையல் வேலைக்குப் போனார்கள். அப்புறம்தான் கோப்பிக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம். சிங்கப்பூரில் வோங் யி குவான் என்பவர் கூடையில் கோழியும் சோறும் சுமந்து விற்றார். அவரிடம் வேலை பார்த்தவர் தொடங்கிய சுவீ கீ என்ற கடை மிடில் ரோடு பக்கம் 1990களின் கடைசிவரை நடந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் எடுத்துக்காட்டுவது இந்த வரலாற்றைத்தான். மலேசியாக்காரர்களோ, மலாக்காவில் சோற்றை உருண்டை பிடித்துக் கொடுப்பதையும் ஈப்போவில் கோழியோடு தவுகே என்ற பயறு முளை வைப்பதையும் காட்டுவார்கள்.

செய்முறையைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளியும். கோழியைத் தளதளவென்று கொதிக்க விடமாட்டார்கள். கொதி வருவதற்குச் சற்று முந்தைய சூட்டில் முழுசாக முக்கி வைத்து, மெதுவாக வேக விடுவார்கள். எடுத்த கையோடு ஐஸ் தண்ணீரில் போட்டால், தோலுக்கும் சதைக்கும் நடுவே ஜெல்லி மாதிரி ஒரு படலம் உறையும். அது இல்லையென்றால் பெரியவர்கள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். அரிசியைக் கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டோடு வதக்கி, அந்தக் கோழி வெந்த தண்ணீரிலேயே வேகவைப்பது ஹைனான் பழக்கம். அதில் வாசனைக்குப் பாண்டான் இலையைப் போட்டதும், தொட்டுக்கொள்ளப் புளிப்பான மிளகாய்ச் சாந்தை வைத்ததும் இந்த ஊர். ஆகவே என் கணக்கில் இது ஹைனானில் பிறந்து மலாயாவில் வளர்ந்தது. வளர்ந்த காலத்தில் பாலத்தின் இரு பக்கமும் பிரிட்டிஷ் ஆட்சிதான். சிங்கப்பூர் தனி நாடானது 1965 ஆகஸ்ட் 9இல். கூடைக்காரர் விற்றதோ அதற்கு வெகு முன்பு.

2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியைக் கொஞ்ச காலம் நிறுத்தியது நினைவிருக்கும். அப்போது சிங்கப்பூருக்கு வந்த கோழியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான், அதுவும் பெரும்பாலும் உயிரோடு. உறைய வைத்த கோழியில் அந்த ருசி வராது என்று சிங்கப்பூர்க் கடைக்காரர்கள் தவித்துப்போனார்கள். உரிமைச் சண்டை போடுகிறவர்கள் இதை ஏனோ பேசுவதில்லை!

மீன் தலைக் கறியில் எனக்குக் குழப்பமே இல்லை, அது சிங்கப்பூர். கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் 1949வாக்கில் தன் கடையில் தொடங்கியது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சீனர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, அதை நம்ம மசாலாவில் போட்டார். ‘எங்கள் பாட்டி மீன் தலையில் குழம்பு வைக்கவில்லையா?’ என்று தமிழ்நாட்டு நண்பர்கள் கிளம்புவார்கள். வைத்தார்கள்தான். ஆனால் பெரிய சிவப்பு மீன் தலை ஒன்றை முழுசாகச் சட்டியில் வைத்து, அதுவே விருந்து என்று மேசைக்குக் கொண்டுவந்தது இங்கேதான். மிளகாய் நண்டும் அப்படியே. 1950களில் சேர் யாம் தியான் என்ற சிங்கப்பூர்ப் பெண்மணி, ஆவியில் வேகவைத்தே அலுத்துப்போன நண்டைப் புட்டித் தக்காளி சாஸிலும் மிளகாய் சாஸிலும் போட்டுப் பார்த்ததில் வந்தது. 2009இல் மலேசியச் சுற்றுலா அமைச்சர் இங் யென் யென் மிளகாய் நண்டும் எங்களுடையதே, மற்றவர்கள் அபகரிக்கிறார்கள் என்றபோது ஜொகூர்க்காரனான எனக்கே அது அதிகமாகப் பட்டது.

ரொட்டி சானாய் நம் ஆட்கள் கொண்டுவந்தது. ராமநாதபுரம் கடற்கரை, கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் மைதா மாவோடு இறங்கியது பினாங்கிலும்தான், சிங்கப்பூரிலும்தான். மலேசியாவில் ரொட்டி சானாய், சிங்கப்பூரில் பரோட்டா. இரண்டையும் மாமாக் கடைக்காரர், அதாவது தமிழ் முஸ்லிம் கடைக்காரர், ஒரே மாதிரிதான் வீசுவார். எண்ணெயில் ஊறிய உருண்டையை விசிறி, கைக்குட்டை மாதிரி மெலிதாக்கி, சதுரமாக மடித்துக் கல்லில் போடுவார். வெந்ததும் இரண்டு கையாலும் தட்டி மடிப்பை உதிர்ப்பார். ஆனால் வாழைப்பழம் வைத்த ரொட்டி பிசாங்கும், கூம்பு மாதிரி நிற்கும் ரொட்டி திசுவும் தென்காசியில் பிறக்கவில்லை. அதைச் சேர்க்காமல் ‘எல்லாம் நம்முடையது’ என்று மார்தட்டினால் நாமும் அந்த அமைச்சர் செய்ததையே செய்கிறோம்.

இந்தச் சண்டை ஓயாததற்குச் சுற்றுலாப் பணம் பெரிய காரணம். 2018 கடைசியில் சிஎன்என் பட்டியலில் செண்டோலைச் சிங்கப்பூர் இனிப்பு என்று போட்டதற்கு மலேசியாவே கொதித்தது. அதே வருஷம் பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் சமையல் போட்டியில் ஒரு நடுவர், தேங்காய்ப்பாலிலும் மசாலாவிலும் சுண்டச் சமைக்கும் ரெண்டாங் கோழியின் தோல் மொறுமொறுவென்று இல்லை என்று குறை சொல்லப்போக, மலேசியர், இந்தோனேசியர், சிங்கப்பூரர் மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவரை வறுத்தெடுத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்த மூவரும் சாப்பாட்டு விஷயத்தில் கைகோத்தது அந்த ஒரு முறைதான்.

யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலைக் காட்டியும் சிலர் வாதாடுவார்கள். 2020இல் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு அதில் சேர்ந்தது. 2024இல் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய், தே தாரேக் என்ற நுரைத்த பால் தேநீர் அடங்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாடு சேர்ந்தது. அந்தப் பட்டியல் யாருக்கும் உரிமைப் பட்டா கொடுப்பதில்லை. ஒரு மக்களிடம் அந்தப் பழக்கம் உயிரோடு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. அதே 2024இல் கெபாயா என்ற பெண்களின் பாரம்பரிய உடைக்கு இந்த இரண்டோடு இந்தோனேசியா, புருணை, தாய்லாந்தும் சேர்ந்து ஐந்து நாடுகளாக விண்ணப்பித்து வாங்கின. சிக்கன் ரைஸுக்கும் அப்படிச் செய்யலாம்தான். ஆனால் இரண்டு சுற்றுலாத் துறைகளும் அதற்கு லேசில் சம்மதிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.