நர்சம்மா பதில்கள்: கத்திரி வெயிலும் ஊர் சமாசாரமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெயிலைப் பற்றித்தான். கிராம நர்ஸாக வரப்பு வரப்பாகத் திரிந்தவள் என்பதால், வயலில் இருந்து வந்த கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பருத்தி எடுக்கப் போகிறேன். பதினோரு மணிக்கெல்லாம் தலை சுற்றுகிறது. தண்ணீர் கொண்டுதான் போகிறேன், ஆனால் குடிப்பதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். (வாசகி, திருத்துறைப்பூண்டி)

தெரியும் தங்கச்சி. ஒதுங்க இடம் இல்லை. காலையில் ஒரு டீயோடு கிளம்பி, வீடு திரும்பும் வரை பொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். அப்புறம் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் வரும், எரியும். "சூடு" என்று தொப்புளில் எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்துவிடுவீர்கள். எரிச்சலோடு காய்ச்சலோ இடுப்பு வலியோ சேர்ந்தால் அது வெறும் சூடு இல்லை, கிருமித் தொற்று. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். முதலில் மறைப்பு வேண்டும். நாலு சவுக்குக் கழி, கிழித்துத் தைத்த உரச்சாக்கு, வயலின் ஓரமாக ஒரு மூலை. நிலத்துக்காரருக்கு இதில் செலவே இல்லை. ஒருத்தி கேட்டால் சிரிப்பார்கள். வேலைக்குப் போகும் எல்லோருமாகச் சேர்ந்து, எடுப்பு தொடங்குவதற்கு முந்தின நாளே கேளுங்கள்.

கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது நடுவில் உட்காரச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. அதனால் நேரத்தை மாற்றுவதுதான் நல்லது. ஆறு மணிக்கு இறங்கினால் பத்தரைக்குக் கரையேறிவிடலாம். மிச்சத்தை நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டையைப் புடவை மேல் போட்டுக்கொள்வது நல்ல வழக்கம், ஆனால் பருத்திச் சட்டையாக இருக்கட்டும். டெரிகாட்டன் வேண்டாம்.

குடிக்க உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ போதும். சுகாதார நிலையத்தில் தரும் ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சமாகத் தட்டிப் போட்டால் அளவு கெட்டுவிடும். பாக்கெட் இல்லையா, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் வெயிலில் விழுந்தவருக்கு சோடாவும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தார்கள். சரிதானா? (வாசகர், வலங்கைமான்)

இரண்டுமே தப்பு. நினைவு தப்பியவர் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறும். வெயில் ஏற்றிய சூட்டை மாத்திரை இறக்காது. வியர்வை இருக்கிறதோ இல்லையோ, உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சும் உளறினால் அது சாதாரண மயக்கம் இல்லை. ஒருவர் 108-க்கு போன் போடட்டும். மற்றவர்கள் ஆளை நிழலுக்குத் தூக்கிப் போய், துணியைத் தளர்த்தி, குடம் குடமாக உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். வண்டி வரும் வரை நிறுத்தாதீர்கள். சுற்றிக் கூட்டம் போட்டுக் காற்றை மறைப்பவர்களை விரட்டவும் ஒரு ஆள் வேண்டும்.

கேள்வி: குழந்தைக்கு நாலு மாதம். "நாக்கு வறளுது, தண்ணி கொடு" என்கிறார் மாமியார். (வாசகி, பாபநாசம்)

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும்தான், சித்திரையிலும் அப்படித்தான். பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தானே. அடிக்கடி கொடுங்கள், நீங்கள் நிறையக் குடியுங்கள். இதை மாமியாரிடம் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டாம். பத்திரிகையைத் திண்ணையில் மறந்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: புழுக்கம் தாங்காமல் வாசலில் பாய் போட்டுப் படுக்கிறோம். பாம்பு பயமாக இருக்கிறது. (வாசகர், பட்டுக்கோட்டை)

பயப்பட வேண்டியதுதான். கட்டுவிரியன் ராத்திரியில் திரிவது. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலை வயிற்றைப் பிசையும், கண் இமை தூக்க வராது, முழுங்க முடியாது. அப்படி எழுந்தவருக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது எதுவும் வேண்டாம். பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். கட்டிலில் படுங்கள். முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த வருஷம் எங்கள் ஊர் சப்பரத்தைப் பெரிதாகக் கட்டப் போகிறோம். வாசகர்களுக்குச் சொல்லிவிடுங்கள். (விழாக்குழு, அம்மாபேட்டை)

சொல்லியாயிற்று. பதிலுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். 2022 ஏப்ரல் 27 விடியற்காலை தஞ்சாவூரை ஒட்டிய களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் போனார்கள், அதில் பிள்ளைகளும் உண்டு. ரோட்டை ஒவ்வொரு தடவையும் பழையதன் மேலேயே போட்டு உயர்த்துகிறார்கள், கம்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது. போன வருஷம் இடிக்கவில்லை என்பது ஒரு கணக்கே இல்லை. சப்பரத்தைக் கட்டுவதற்கு முன்பே போகும் பாதையை மின்வாரிய ஆளோடு நடந்து பாருங்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். கம்பியைக் கழியால் தூக்கிவிட ஒரு பையனை மேலே ஏற்றும் பழக்கம் உங்கள் ஊரிலும் இருந்தால் இந்த வருஷத்தோடு விடுங்கள்.

கேள்வி: பள்ளிக்கூட லீவு. பையன்கள் ஆற்றை விட்டு வருவதில்லை. தண்ணீர் எப்போது வரும்? (வாசகர், திருக்காட்டுப்பள்ளி)

மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. அணையின் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும், 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். அங்கிருந்து கல்லணைக்கு வந்து சேர மூன்று நாலு நாள். மணலில் பந்து விளையாடிய இடம் என்று நினைத்துப் பையன்கள் குதிப்பார்கள், மணல் அள்ளிய பள்ளம் அடியில் இருக்கும். கொள்ளிடத்துப் பள்ளங்களில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. தூர்வாரிய வாய்க்காலும் போன வருஷத்து வாய்க்கால் இல்லை. பொக்லைன் சரிவைச் செங்குத்தாக வெட்டியிருக்கும், பிடித்து ஏற முடியாது.

யாராவது தத்தளித்தால் நீச்சல் தெரிந்தவரும் உடனே குதிக்க வேண்டாம். வேட்டியையோ கயிற்றையோ வீசுங்கள், காலி பிளாஸ்டிக் குடத்தை எறிந்தாலும் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். கரைக்கு இழுத்த பிறகு தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும்.

கேள்வி: தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறோம். யோசனை உண்டா? (இளைஞர்கள், கும்பகோணம்)

திறப்பு விழா அன்று தர்பூசணி, ரோஸ்மில்க். மூன்றாம் நாள் பானையில் பாசி. பானைக்குக் குழாய் வையுங்கள், டம்ளரை முக்க விடாதீர்கள். பானையைத் தினமும் தேய்த்துக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரோ குளோரின் போட்ட தண்ணீரோ ஊற்றுங்கள். கழுவுவது யார் முறை என்று பெயர் எழுதிப் பந்தலிலேயே ஒட்டுங்கள், நன்கொடையாளர் பெயருக்குப் பக்கத்தில்.