கிழியாத படுக்கையா, இதமான படுக்கையா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் நாய்க்கு 8 வயது, எடை 32 கிலோ. படுக்கும் முன் முன்னங்கால்களால் பறித்துப் பறித்தே இரண்டு படுக்கைகளைக் கிழித்துவிட்டது. இப்போது வெறுந்தரையில்தான் படுக்கிறது. முழங்கைகளில் தோல் காய்த்துப்போயிருக்கிறது. நீண்ட நாள் உழைக்கக்கூடிய, அதே சமயம் அதன் உடலுக்கு இதமான படுக்கையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: முழங்கையில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே சதைப்பற்று மிகக் குறைவு. கனமான நாய் கடினமான தரையில் படுக்கும்போதெல்லாம் அந்த இடம் அழுந்துவதால் தோல் தடித்துக் காய்ப்பாகிறது. அழுத்தம் தொடர்ந்தால் தோலுக்கடியில் நீர் கோத்து வீக்கம் உண்டாகலாம், தோல் வெடித்துப் புண்ணாகவும் கூடும். மூட்டுத் தேய்மானத்துக்கு ஆளாகும் இனம் லாப்ரடார் என்பதாலும், உங்கள் நாய் முதுமையை எட்டுவதாலும் படுக்கையை இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

உழைப்பையும் இதத்தையும் ஒரே பொருளில் தேடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். உடலைத் தாங்குவது உள்ளே இருக்கும் ஃபோம். நகத்துக்கும் பல்லுக்கும் ஈடுகொடுப்பது மேலுறை. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து, தனித்தனியாக மாற்றக்கூடிய படுக்கையையே வாங்குங்கள்.

ஃபோமைப் பொறுத்தவரை, கடையில் கையால் தடவிப் பார்த்து உணரும் மென்மை எதையும் சொல்லாது. உங்கள் முழங்காலைப் படுக்கையின் நடுவில் ஊன்றி, உடல் எடையைச் சற்று அதன்மீது இறக்கிப் பாருங்கள். அடியிலுள்ள தரை தட்டுப்பட்டால் நாயின் முழங்கைக்கும் தட்டுப்படும். இந்த எடைக்கு 10 சென்டிமீட்டர் தடிமனாவது தேவை. தடிமனைவிட முக்கியமானது அடர்த்தி: அடித்தாங்கலாக அமையும் ஃபோம் ஒரு கனமீட்டருக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மெமரி ஃபோம் (உடலின் வடிவுக்கேற்ப அமிழ்ந்து மெல்ல மீளும் ஃபோம்) அழுத்தத்தைப் பரவலாக்குவதால் மூட்டுவலி உள்ள நாய்க்கு ஏற்றதுதான். ஆனால் அது உடல்சூட்டைத் தேக்கிவைக்கும், குளிரில் இறுகும், தனியாக வைத்தால் கனமான உடலின் கீழ் அமிழ்ந்துவிடும். ஆகவே மேலே சில சென்டிமீட்டர் மெமரி ஃபோமும் கீழே கெட்டியான ஃபோமும் அமைந்த இரட்டை அடுக்கையே நான் பரிந்துரைப்பேன். துண்டு ஃபோமோ பஞ்சோ அடைத்த படுக்கைகளை இந்த நாய்க்கு வாங்க வேண்டாம். அடைப்பு ஓரங்களுக்கு ஒதுங்கி, உடல் அழுந்தும் நடுப்பகுதிதான் முதலில் வெறுமையாகும்.

படுக்கும் முன் இடத்தைப் பறிப்பது நாயின் பிறவிக் குணம். அதைக் கண்டித்து நிறுத்த முயல வேண்டாம், உறையைத்தான் அதற்கேற்ப அமைக்க வேண்டும். நூலின் தடிமனை டெனியர் என்ற அளவால் குறிப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். பறிக்கும் நாய்க்கு 1,000 டெனியர் அளவிலான, நெருக்கமாக நெய்த நைலான் அல்லது கனமான கான்வாஸ் பொருத்தமானது. துணியைவிடத் தையல்தான் பெரும்பாலும் முதலில் விட்டுப்போகிறது. எனவே இரட்டைத் தையல் இருக்கிறதா, ஜிப்பின் பிடி மடிப்புக்குள் மறைந்திருக்கிறதா, உறை தொளதொளவென்று இல்லாமல் ஃபோமை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். தொங்கும் துணியில்தான் நகம் எளிதாகச் சிக்கும். ஒரு சிக்கல் உண்டு: முரட்டுத் துணி காய்த்த தோலை மேலும் உராய்க்கும். அதற்காக உறையை மாற்ற வேண்டியதில்லை. மேலே துவைக்கக்கூடிய மெல்லிய கம்பளி விரிப்பு ஒன்றைப் போட்டு, அது கிழிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நகங்களை அவ்வப்போது வெட்டுவதும் உறையின் ஆயுளைக் கூட்டும்.

பறிப்பதோடு நில்லாமல் உங்கள் நாய் கடித்தும் குதறுகிறதா என்று கவனியுங்கள். கடிக்கவே முடியாத படுக்கை என்று எதுவும் கிடையாது; விழுங்கிய ஃபோம் குடலை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. வாந்தியும் உணவு மறுப்பும் தென்பட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இதுவரை அமைதியாகப் படுத்த நாய் திடீரென்று படுக்கையைக் குதறத் தொடங்கினாலோ, இரவில் பலமுறை எழுந்து இடம் மாறினாலோ, வலியோ பதற்றமோ காரணமாக இருக்கலாம். முழங்கைகளையும் அப்போதே காட்டிவிடலாம்.

அளவுக்கு, நாய் கால்நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்து, 20 முதல் 30 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாவது விளிம்பில்லாமல் தாழ்வாக இருக்கட்டும்; அடிப்பகுதி வழுக்கக் கூடாது.

ஃபோமுக்கும் வெளியுறைக்கும் இடையே நீர்புகா உள்ளுறை ஒன்று கட்டாயம் வேண்டும். சிறுநீர் ஃபோமுக்குள் இறங்கிவிட்டால் நாற்றத்தைப் போக்குவது கடினம். தெள்ளுப்பூச்சி நாயின் உடலில் இடும் முட்டைகள் உதிர்ந்து படுக்கையில் சேர்வதால், விரிப்பை வாரம் ஒருமுறை, துணி தாங்குமானால் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவையுங்கள். ஃபோமை வெயிலில் காயவைக்காதீர்கள். வெயில் பட்டால் அது மஞ்சளித்துப் பொடிந்துபோகும், நிழலில் காற்றாட வைத்தாலே போதும். மாதம் ஒருமுறை அதைத் தலைமாற்றிப் போடுங்கள். நாய் எழுந்து வெகுநேரமான பிறகும் குழி நிரம்பாமல் நின்றால், உறையை வைத்துக்கொண்டு ஃபோமை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள்.