ஆவாரம்பூச் சாறு: தடுப்பு சதவீதம் மைனஸில் போவது ஏன்?

ஆவாரம்பூச் சாறு ஆல்பா குளுக்கோசிடேஸை (மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க உதவும் நொதி) எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் சோதனையில், தடுப்பு சதவீதம் மைனஸில் போவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். சாற்றின் செறிவைக் கூட்டக் கூட்டத் தடுப்பு சதவீதம் மைனஸில் இறங்குகிறது என்றால், சாறு நொதியைத் தூண்டுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் பூவின் மஞ்சள்தான் காரணம். இந்தச் சோதனையில் நொதி வேலை செய்யும்போது வெளிவரும் பாரா நைட்ரோபீனாலும் மஞ்சள். 405 நானோமீட்டரில் கருவி இரண்டையும் சேர்த்தே அளக்கும்.

வெறும் பஃபரை (அமில-காரத் தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) பிளாங்க்காக, அதாவது கழிக்க வேண்டிய அடிப்படை அளவாக, வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. ஒவ்வொரு செறிவுக்கும் நொதி மட்டும் இல்லாத தனிக் குழி வைத்து, அந்த அளவைக் கழியுங்கள். அதிலும் கடைசியில், வினையை நிறுத்தச் சேர்க்கும் சோடியம் கார்பனேட்டைச் சேர்க்க மறக்காதீர்கள். காரம் பட்டால் ஃபிளேவனாய்டுகளின் (பூவில் உள்ள நிறப் பொருள்கள்) மஞ்சள் இன்னும் அடர்த்தியாகும். சந்தேகமாக இருந்தால் சோதனைக் குழாயில் கொஞ்சம் சாறு எடுத்து இரண்டு சொட்டு கார்பனேட் விட்டுப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். (நானும் இது புரியாமல் ஒரு வாரம் நொதியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.)

கழிப்பதற்கு முன்பே கருவி காட்டும் ஒளி உறிஞ்சல் அளவு 2-ஐத் தாண்டினால் சாற்றை நீர்க்கச் செய்யுங்கள்.

சரி, கழித்ததும் தடுப்பு 90 சதவீதம் வந்துவிட்டால்? அப்போதும் அவசரம் வேண்டாம். ஆவாரம்பட்டையை வைத்துத் தோல் பதனிட்டவர்கள் நாம். அந்தச் செடியின் டானின் (துவர்ப்புப் பொருள்) பல புரதங்களையும் பிடித்துக்கொள்ளும்; நொதியும் புரதம்தான். டானினை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், இந்தச் சோதனைக்கு வழக்கமாக எடுக்கும் ஈஸ்ட் நொதியை, ஒப்பிட வைக்கும் சர்க்கரை நோய் மருந்தான அகார்போஸ் அவ்வளவாகத் தடுக்காது. 'மருந்தைவிடச் சாறு மேல்' என்று எழுதும் முன் எலிக் குடல் நொதியில் ஒருமுறை பாருங்கள். அதில் ஜெயித்தாலும் இரத்தச் சர்க்கரை குறையும் என்று சொல்லிவிட முடியாது.