இயற்கை உணவும் காம்பியாவின் கடலையும்

ஐயா,

புற்றுநோய் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த நோய் குறைவு என்கிறார்களே? உரம் போடாத தானியம், வீட்டில் விளைந்த வேர்க்கடலை, வெயிலில் உழைப்பு. நாம் பீட்சா தின்று கெட்டோம் என்றுதானே அர்த்தம்?

கே., திண்டிவனம்

அன்புள்ள கே.,

பீட்சாவுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. அங்கே பாதிப்பேர் இருபதைத் தாண்டாதவர்கள். அப்புறம், ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் செத்தவரை யார் கணக்கில் எழுதுவது?

எழுதிப் பார்த்த நாடு காம்பியா. செனகலுக்கு நடுவே ஓர் ஆற்றின் இரு கரையாக நீண்டு கிடக்கும் குட்டி நாடு. 1986-லேயே நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கிவிட்டார்கள். அதில் ஆண்களுக்கு முதலிடம் கல்லீரல் புற்றுநோய். பலருக்கு நாற்பதுகளிலேயே வந்துவிடுகிறது. பெண்களுக்குக் கருப்பைவாயும் கல்லீரலும்.

ஒரு காரணம் ஹெபடைடிஸ் பி வைரஸ். சின்ன வயதில் பிள்ளைக்குப் பிள்ளை ஒட்டிக்கொண்டு ஈரலில் தங்கிவிடும். இன்னொன்று, நீங்கள் மெச்சிய அதே கடலை. அங்கே பணப்பயிரும் அதுதான், குழம்பும் அதுதான். சரியாகக் காயாத கடலையைச் சாக்கில் கட்டி மண்தரையில் போட்டால் மழைக்காலத்தில் பச்சையும் மஞ்சளுமாகப் பூசணம் பிடிக்கும். அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுசாகப் போகாது. சொத்தைக் கடலை வாயில் பட்டால் நாம் துப்பிவிடுவோம். குதிர் காலியாகும் மாதத்தில் துப்ப யாருக்கு மனம் வரும்? வைரஸ் குடியிருக்கும் ஈரலில் இந்த நஞ்சும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது. பூசணமும் இயற்கைதான், கே.

அந்தப் பதிவேட்டைத் தொடங்கியதே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பலிக்கிறதா என்று பார்க்கத்தான். நாலு வருஷத்தில் பகுதி பகுதியாக ஊசியைக் கொண்டுபோனார்கள். ஊசி முதலில் எட்டிய பகுதிப் பிள்ளைகளையும் எட்டாத பகுதிப் பிள்ளைகளையும் ஒப்பிடலாம் அல்லவா, அதற்காக. நாள்பட்ட தொற்று பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு இருந்தது, ஊசி போட்டவர்களிடம் நூறில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. புற்றுநோய் குறைந்ததா என்று பார்க்க அந்தப் பிள்ளைகள் நாற்பதைத் தொடவேண்டும். இப்போதுதான் தொடுகிறார்கள்.

கடலைக்கும் வழி உண்டு. பக்கத்திலுள்ள கினியாவில், கின்டியா வட்டாரத்துக் கிராமங்களில் செய்து பார்த்தார்கள். முடிவு 2005-ல் வெளிவந்தது. சொத்தையைப் பொறுக்கி எறிந்து, பாயில் காயவைத்து, சணல் சாக்கில் கட்டி, மரச்சட்டத்தின் மேல் அடுக்கினார்கள். ஐந்தே மாதத்தில் அந்த ஊர்க்காரர்களின் இரத்தத்தில் நஞ்சின் தடயம் மற்ற ஊர்க்காரர்களுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை.