ஒரே நாற்காலிக்கு இரு வேறு கால்கள்: அது பிழையன்று

வணக்கம். லண்டனில் பழம்பொருள் கடையொன்றில் வாங்கிய நாற்காலி வரைபடத்தில் முன்கால்கள் இரண்டும் வெவ்வேறாக இருப்பதாலும், பாதிக்கு மட்டுமே வண்ணம் தீட்டியிருப்பதாலும், அது கழித்துப்போட்ட தாளோ என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு அப்படி முடிவுகட்ட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வந்தர்களுக்காக வரைந்தவர்கள், ஒரே நாற்காலியில் இரண்டு மாதிரிகளைக் காட்டி, விரும்பியதைத் தேர்ந்தெடுக்க விட்டனர். மரச்சாமான் வடிவமைப்பாளர் தாமஸ் சிப்பெண்டேல் 1754இல் வெளியிட்ட மாதிரி நூலிலும் இத்தகைய நாற்காலிகளைக் காணலாம். சமச்சீரான வடிவத்தில் மறுபாதியை ஊகித்துக்கொள்ளலாம் என்பதால், ஒரு பாதிக்கு மட்டும் வண்ணமிடுவதும் உண்டு (உழைப்பும் மிச்சம், வண்ணமும் மிச்சம்).

உங்களுடையது கையால் வரைந்ததா, அச்சிட்டு வண்ணமிட்டதா என்பதே உண்மையான கேள்வி. தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள்: அச்சிடப் பயன்பட்ட செப்புத்தகடு அழுந்திய விளிம்புத் தடம் தெரிந்தால் அது அச்சு, ஆனால் ஓரத்தை வெட்டியிருந்தால் தடம் இராது. மைக்கோட்டின் அடியில் பென்சில் கோடும் கவராயம் குத்திய துளையும் இருந்தால் கைவரைபடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பின்புறத்தையும் பாருங்கள். மரச்சாமான் செய்த கில்லோஸ் நிறுவனத்தின் மதிப்பீட்டு ஏடுகளில் படத்தோடு மரத்தின் விலையும் கூலியும் எழுதப்பட்டிருப்பதுபோல, உங்கள் தாளிலும் கணக்கு ஏதேனும் இருக்கக்கூடும். அக்காலக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் அலுவலகத்தின் ஏறத்தாழ 8,000 வரைபடங்கள் லண்டனிலேயே ஜான் சோன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒப்பிட அவை உதவும். தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.